வாயிலில் எழுதிய பெயர்

நன்றி மறவாத மக்கள் தம் நன்றியைப் பலவாறு காட்டுவர். சிலை நாட்டுவர், சத்திரம் அமைப்பர், வீதிக்கும் பாலத்துக்கும் பெயரிடுவர். நாட்டைக் காக்கும் போரில் உயிர்நீத்த வீரர்க்குச் செய்யும் சிறப்புகளுள், பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டுதல் தனித்தன்மை வாய்ந்தது. சிலை ஓரிடத்தே நிற்கும். வழிச்செல்வோருள் சிலர் அதனை நிமிர்ந்து நோக்குவர். பலர் நோக்காமலே செல்வர். பள்ளியின் பெயரோ ஓரிடத்தில் நில்லாது. அது மாணவன் ஏட்டின் மேலட்டையில் ஏறும், சான்றிதழில் இடம்பெறும், 'எப்பள்ளியில் படிக்கின்றாய்?' என்று கேட்பார்க்கு விடையாய் நாவில் வரும். போரில் மாண்ட ஒருவரின் பெயரை, அவர் மறைந்து பல்லாண்டு கழித்துப் பிறந்த குழந்தைகள் நாள்தோறும் சொல்லுமாறு செய்வது பள்ளி ஒன்றே.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. நாள்தோறும் வழங்கும் பெயர், வழங்க வழங்கத் தேய்ந்து வெறும் ஓசையாகிவிடும். பெயரைச் சொல்வோர் அப்பெயர்க்கு உரியவர் யார், அவர் செய்தது யாது என்பதை அறியாராயின், பள்ளி அவரைப் போற்றுகின்றது என்று கூறல் இயலுமோ? இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதொரு பள்ளி வட இந்தியாவில் ஒரு சிற்றூரில் உள்ளது.

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், காசிமாநகர்க்குக் கிழக்கே, கங்கைக் கரையைச் சார்ந்தது காஜிப்பூர் மாவட்டம். அம்மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று தாமுபூர். அங்கே 1933ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் ஓர் எளிய இசுலாமியக் குடும்பத்தில் அப்துல் ஹமீத் பிறந்தார். தந்தையார் முகம்மது உசுமான் தையல் தொழில் செய்து வாழ்ந்தவர். சிறுவர் ஹமீதும் தந்தைக்குத் துணையாகத் துணி தைத்து வந்தார். ஊசியில் நூல் கோத்த அக்கைகளே பின்னாளில் பீரங்கியைக் குறிவைக்கும் கைகளாயின. அவர் பயின்ற ஊர்ப் பள்ளியே அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியாகும்.

1954ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், தம் இருபத்தோராம் அகவையில், ஹமீத் இந்தியப் படையில் சேர்ந்தார். கிரனேடியர் படைப்பிரிவின் நான்காம் அணி அவர்க்கு உரியதாயிற்று. 1962ஆம் ஆண்டு சீனப் படை வடகிழக்கு எல்லையைக் கடந்து வந்தபோது, அவ்வணி நாம்காச்சு ஆற்றங்கரையில் நின்ற ஏழாம் படைத்தொகுதியில் இருந்தது. அங்கே இந்தியப் படைக்கு நேர்ந்தது பெருந்தோல்வி. நான்காம் அணியினர் சூழ்ந்த பகைவரிடையே வழி கண்டு, பூட்டான் நாட்டின் ஊடாக மலைகளைக் கால்நடையாய்க் கடந்து திரும்பினர். வெற்றியின் இனிமையை அறியுமுன்னரே தோல்வியின் கசப்பை அறிந்தவர் ஹமீத். அக்கசப்பு அவர் உள்ளத்தைத் தளர்த்திவிடவில்லை.

அதன் பின்னர் அவர்க்குக் 'குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்' என்னும் பதவி கிடைத்தது. அது பண்டகப் பொறுப்பு. வீரர்களுக்கு வேண்டிய உணவு, உடை, கருவி முதலியவற்றைக் கணக்கிட்டு வைத்து, வேண்டும்போது வழங்குவது அதன் கடமை. கணக்கேடும் கிடங்கும் சூழ்ந்த வாழ்வு அது. புகழ் தேடி வரும் இடம் அன்று. ஆனால் அணியினர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று இருந்தது. பின்னுதைப்பில்லாப் பீரங்கியைக் குறிதவறாது சுடுவதில் அவ்வணியில் ஹமீதுக்கு நிகரானவர் இலர் என்பதே அது. 1965ஆம் ஆண்டு எல்லையில் போர் மேகங்கள் திரண்டன. டாங்கிகளை எதிர்க்கும் பீரங்கிக் குழுவை நடத்துதற்கு ஆள் வேண்டியிருந்தது. அணியின் தலைவர்கள் பண்டகப் பொறுப்பில் இருந்த ஹமீதை அழைத்து அக்குழுவை அவரிடம் ஒப்புவித்தனர். முன்பு வருந்திக் கற்ற கலை, வேண்டிய காலத்தில் அவரை முன்னிறுத்தியது.

அப்பீரங்கியின் இயல்பை அறிந்தாலன்றி ஹமீதின் வீரத்தை அளந்தறிதல் இயலாது. பீரங்கி சுடுங்கால் குண்டு முன்னே பாய்கின்றது. பீரங்கி பின்னே உதைக்கின்றது. தோணியிலிருந்து கரைக்குத் தாவுவோன் தோணியைப் பின்னே தள்ளிவிடுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். இவ்வுதைப்பைத் தாங்குதற்காகவே பெரிய பீரங்கிகள் மிக்க எடையுடையனவாகச் செய்யப்படுகின்றன. அத்தகைய பீரங்கியை ஒரு சிறு வண்டியில் ஏற்றிச் சுட்டால் வண்டி நிலைகுலைந்துவிடும். இக்குறையை நீக்க அறிஞர் ஒரு வழி கண்டனர். வெடிமருந்து எரிந்து எழும் ஆவியின் ஒரு பகுதியைப் பீரங்கியின் பின்புறத் துளைகள் வழியே வெளியேற விட்டனர். குண்டு முன்னே செல்லும் விசையும் ஆவி பின்னே செல்லும் விசையும் ஒன்றையொன்று சமன் செய்வதால் பீரங்கி உதைப்பதில்லை. எனவே 106 மில்லிமீட்டர் பீரங்கியையும் திறந்த ஜீப் வண்டி ஒன்றில் பொருத்தி எங்கும் கொண்டு செல்லலாம்.

நன்மை உள்ள இடத்தில் தீமையும் உண்டு. பின்னே பாயும் ஆவி தீப்பிழம்பாய்ச் சீறும், புழுதியைக் கிளப்பும். ஒருமுறை சுட்ட அளவிலேயே, சுட்டவர் இருக்கும் இடம் பகைவர்க்குத் தெரிந்துவிடும். டாங்கிக்கு இரும்புக் கவசம் உண்டு. ஜீப்புக்கோ அது இல்லை. ஆதலின் சுட்டவுடன் இடம் மாறவேண்டும். மாறிய இடத்திலிருந்து மீண்டும் சுடவேண்டும். இடம் மாறுதற்கு ஆகும் சில நொடிகளே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட காலம். கூர்த்த கண்ணும் விரைந்த கையும் கலங்காத நெஞ்சும் ஒருங்கே உடையார்க்கன்றி இது கைகூடாது.

1965ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் பெரும்போர் மூண்டது. பஞ்சாபில் கேம்கரண் என்னும் ஊர்ப் பகுதியில் பாக்கிஸ்தானின் டாங்கிப் படை உட்புகுந்தது. அப்படையில் அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட பேட்டன் டாங்கிகள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பத்தைந்து டன் எடையுள்ளது. அக்காலத்தில் வெல்லற்கரியதென மதிக்கப்பட்டது. எதிர்நின்ற இந்தியப் படையினர் அசல் உத்தர் என்னும் சிற்றூரைச் சூழ்ந்து தற்காப்பு அரண் அமைத்தனர். அங்கே கரும்பு ஆளுயரம் வளர்ந்திருந்தது. கால்வாய் நீரை வயல்களில் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கினர். கனமிக்க டாங்கிகள் சேற்றில் விரைவிழந்தன. சில அழுந்தி நின்றன. கரும்பின் மறைவில் இந்தியப் பீரங்கிகள் காத்திருந்தன. இந்தி மொழியில் அவ்வூர்ப் பெயர் 'உண்மையான விடை' என்று பொருள்படும். செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த அப்போர் பெயருக்கேற்ற விடையாகவே அமைந்தது.

செப்டம்பர் 10ஆம் நாள் காலை எட்டு மணி. சீமா என்னும் ஊர்க்கு முன்னே இருந்த இன்றியமையாத இடமொன்றைப் பேட்டன் டாங்கிப் படை தாக்கியது. முதலில் பீரங்கிக் குண்டுகள் மழைபோற் பொழிந்தன. பின்னர் டாங்கிகள் முன்னேறின. ஒன்பது மணிக்குள் அவை இந்தியப் படையின் முன்னணி நிலைக்குள் புகுந்துவிட்டன. நிலைமையின் கொடுமையை ஹமீத் உணர்ந்தார். குண்டுகள் வெடிக்கும் நடுவே தம் ஜீப்பைப் பக்கவாட்டில் செலுத்தினார். நல்லதோர் இடம் தேர்ந்து, முன்னே வந்த டாங்கியைச் சுட்டு வீழ்த்தினார். விரைந்து இடம் மாறினார். மற்றொரு டாங்கி தீப்பற்றி எரிந்தது.

அதற்குள் பகைவர் அவரைக் கண்டுகொண்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் டாங்கிப் பீரங்கிகளும் அந்தச் சிறு ஜீப் ஒன்றையே குறிவைத்தன. பின்வாங்கி மறைதல் அப்போது ஒருவர்க்கு இயல்பாகத் தோன்றக்கூடியது. ஹமீத் பின்வாங்கவில்லை. இன்னுமொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, வெடிகுண்டு ஒன்று அவர்மேற் பாய்ந்தது. தம் முப்பத்திரண்டாம் அகவையில் அவர் களத்தில் வீழ்ந்தார்.

அவர் நிலைநிறுத்திய துணிவு அவரோடு மறையவில்லை. அவருடைய தோழர்கள் அதனைக் கைக்கொண்டு போரிட்டனர். டாங்கிப் படையின் முன்னேற்றம் தடைப்பட்டது. அசல் உத்தர்ப் போரில் பாக்கிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. கைப்பற்றிய டாங்கிகளைப் பிக்கிவிண்டு என்னும் ஊரருகே நிறுத்தி வைத்தனர். அவ்விடம் 'பேட்டன் நகர்' என வழங்கப்பட்டது. அம்மாதம் 23ஆம் நாள் போர் நின்றது. ஹமீதின் உடல் தாம் பொருத களத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

போர்க்களத்தில் காட்டும் ஒப்புயர்வற்ற வீரத்துக்கு இந்திய நாடு வழங்கும் விருது பரமவீர சக்கரம். 1950ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அவ்விருதின் முகத்தில் நான்கு வச்சிரப் படைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அசுரரை வெல்லுதற்குப் படைக்கலம் வேண்டுமெனத் தேவர் இரந்தபோது, ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே ஈந்தார் என்பதும், அவ்வெலும்பால் ஆனதே வச்சிரம் என்பதும் புராண வரலாறு. தன்னை ஈந்து பிறரைக் காத்தவர்க்கு உரிய அடையாளம் அதனினும் பொருத்தமாக வேறு யாது? 1966ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, ஹமீதின் மனைவியார் ரசூலன் பீவி அவ்விருதைக் கணவர்க்காகப் பெற்றுக்கொண்டார். வழங்கியவர் பல்லாண்டு ஆசிரியராய்த் தொண்டாற்றிக் குடியரசுத் தலைவராய் உயர்ந்த இராதாகிருட்டிணனார். அவ்வம்மையார் 2019ஆம் ஆண்டு, தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறையும்வரை கணவரின் நினைவைப் போற்றி வாழ்ந்தார்.

நாடும் அவரை மறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. 2023ஆம் ஆண்டில் அந்தமான் தீவுகளுள் பெயரில்லாதிருந்த 21 தீவுகளுக்குப் பரமவீர சக்கரம் பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று ஹமீதின் பெயர் கொண்டது. 2024ஆம் ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுவின் ஆறாம் வகுப்புப் பாடத்தில் அவரது வரலாறு இடம்பெற்றது. ஆண்டுதோறும் செப்டம்பர் 10ஆம் நாள் தாமுபூரில் உள்ள அவரது நினைவிடத்தில் மக்கள் கூடி வணக்கம் செலுத்துகின்றனர். இவற்றையெல்லாம் விட அவ்வூர்க் குழந்தைகட்கு அணுக்கமானது, அவர் பயின்ற பள்ளியின் வாயிலில் எழுதிய பெயரே.

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அப்பெயர்க்கு ஓர் இடையூறு வந்தது. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த திட்டமொன்றின்படி, நாடெங்கும் 14,500க்கு மேற்பட்ட பள்ளிகளைத் தேர்ந்து மேம்படுத்தும் பணி நடந்து வருகின்றது. அத்திட்டத்தில் தாமுபூர்ப் பள்ளியும் சேர்ந்தது. பள்ளிக்குப் புது வண்ணம் பூசினர். வாயிலில் திட்டத்தின் பெயரை எழுதினர். பழைய எழுத்து மறைந்த இடத்தில் வீரரின் பெயர் மீண்டும் எழுதப்படவில்லை.

திட்டம் நல்லது, புது வண்ணமும் நல்லதே. எனினும் பெயர் இல்லாத வாயிலைக் கண்ட ஹமீதின் குடும்பத்தார் வருந்தினர். கல்வி அலுவலர்களிடம் முறையிட்டனர். செய்தி இதழ்களின் வாயிலாக நாடெங்கும் பரவியது. பலரும் குரல் கொடுத்தனர். சில நாட்களுக்குள் வாயிலில் 'வீர அப்துல் ஹமீத்' என்னும் பெயர் மீண்டும் இடம்பெற்றது. திட்டத்தின் பெயரும் உடன் நின்றது.

ஒரு பெயர் எழுதப்படாமைக்கு இத்துணை வருத்தம் வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். பெயர் பொறித்த இடத்தைத் தவிர அப்பள்ளியில் அனைத்தும் முன்போலவே இருந்தன அன்றோ? அதே சுவர், அதே வகுப்பு, அதே ஆசிரியர். ஆனால் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹமீத் செல்வர் அல்லர். தம் பெயர் நிற்கக் கோட்டையோ கோயிலோ எடுப்பிக்கவில்லை. தம் உயிரை ஈந்த ஒன்றே அவர் விட்டுச்சென்றது. அதற்கு ஈடாக ஊரார் அளித்தது ஒரு பெயர்ப் பலகையில் ஓரிடம். கொடுத்தது உயிர்; பெற்றது சில எழுத்து. அச்சில எழுத்தையும் கவனக் குறைவால் இழக்க விடுவது முறையாகுமோ? அவ்வூரார் முறையிட்டது தம் குடும்பப் பெருமைக்காக மட்டும் அன்று. ஊர் பட்ட கடனை ஊர் மறவாதிருத்தற்கே எனலாம்.

அன்றியும், அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை விளக்கிக் காட்டியது. பெயரை எழுதுவது வண்ணம், காப்பது நினைவு. வாயிலில் பெயர் இருந்த நாட்களில் எத்தனை பேர் அதனை நின்று படித்தனர் என்று கூறுவார் இலர். அது மறைந்தபோது, இல்லை என்று உடனே உணர்ந்தவர் அவரது வரலாற்றை நெஞ்சில் வைத்திருந்தவரே. அவர்கள் இலராயின் அப்பெயர் மறைந்தது எவர்க்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஆதலின், வீரர் பெயர் தாங்கிய பள்ளி அவரைப் போற்றும் வழி யாது என்பது இனி விளங்கும். ஆண்டுக்கொருமுறை மாலை சூட்டுதல் வேண்டும், அது போதாது. அப்பள்ளியிற் பயிலும் ஒவ்வொரு மாணவனும், 'இவர் யார்?' என்று அயலார் கேட்டால் விரித்துரைக்கக் கூடியவனாதல் வேண்டும். விரித்துரைக்குங்கால் பகைமையை வளர்த்தல் கூடாது. போரிட்ட இரு நாட்டாரும் 1966ஆம் ஆண்டு சனவரியில் தாஷ்கண்டு நகரில் உடன்படிக்கை செய்துகொண்டனர். வீரரைப் போற்றுதல் வேறு. அயலாரை வெறுத்தல் வேறு.

ஹமீதின் வாழ்வில் மாணவர்க்கு உரிய பாடங்கள் போர்க்களத்தில் மட்டும் உள்ளன அல்ல. தையற்காரர் மைந்தர் தம் பிறப்பின் எளிமையை ஒரு தடையாகக் கொள்ளவில்லை. தோல்வி கண்டு திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. கிடங்கில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தபோதும் தாம் கற்ற கலையைத் துருப்பிடிக்க விடவில்லை. அழைப்பு என்று வரும் என அவர் அறியார். வந்த அன்று ஆயத்தமாக இருந்தார். களத்தில் அவர் கண்மூடிப் பாய்ந்தவரும் அல்லர். இடமறிந்து நின்று, காலமறிந்து சுட்டு, விரைந்து இடம் மாறினார். அறிவோடு கூடிய துணிவே வீரம் என்பதற்கு அவர் சான்று. அணிவகுத்து வரும் டாங்கியை எதிர்கொள்ளும் நிலை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. தமக்கென ஒப்புவித்த வேலையை நன்கு கற்று, வேண்டிய நாளில் விலகாது நிற்கும் நிலை எல்லார்க்கும் வாய்க்கும்.

தாமுபூர்ப் பள்ளியின் வாயிலில் இன்று அப்பெயர் நிற்கின்றது. வெயிலிலும் மழையிலும் அவ்வண்ணம் மங்கும். மீண்டும் ஒருநாள் சுவர்க்குப் புது வண்ணம் பூசவேண்டி வரும். அன்று வண்ணம் பூச வருபவன் பழைய எழுத்தின்மேல் தூரிகையை வைக்கும்போது, 'ஐயா, இப்பெயரை மறவாமல் மீண்டும் எழுதுக' என்று அப்பள்ளிச் சிறுவன் ஒருவன் தானே முன்வந்து கூறுவானாயின், அப்பள்ளி தன் வீரரை உண்மையாகப் போற்றியதாகும்.